அலேசியாரின் கடிதத்தில் நான் சேர்த்தது

நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்யைக் கோயிலுக்குள் நின்று, கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஓர் அர்ச்சியசிஷ்டவரின் பேரால் சொன்னேன். அப்போது எனக்குப் பதினாறு வயது முடியவில்லை. அறியாத வயசு என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆயுசில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கழித்தவள் நான். பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று என்னிடமா கதை விடுவது? எல்லாம் தெரியும்.

எங்கள் ஊர் ஆவூருக்கு இரண்டு மைல் தள்ளி, நாற்பது வீடும் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்னக் கோயிலுமாக இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயில் என் அப்பாவின் பொறுப்பு. அவர் உபதேசியார். மணி அடிப்பார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பார், யாராவது சாகக் கிடந்தால் ஓடிப்போய்ச் சாமியாரைக் கூட்டிவருவார். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அன்றைய அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரத்தை வாசிப்பார். இன்றைக்குப் புனிதர் என்கிறார்களே, அவர்களைத்தான் அப்போது அர்ச்சியசிஷ்டவர் என்போம். அந்தப் பேரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஒரு பயம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் பூசை லத்தீனில். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார். ஒரு மணி அடித்தால் முழங்காலில் விழுவோம், இன்னொரு மணி அடித்தால் எழுந்திருப்போம். புரிகிற தமிழில் ஊருக்குக் கிடைத்தது அந்தச் சரித்திரப் புத்தகம் ஒன்றுதான். அட்டை போய், முதல் ஏடுகள் போய், யார் எழுதியது என்ற விவரமும் போய், கோணி ஊசியால் தைத்துத் தைத்துத் தடித்துப்போயிருந்தது. அதில் போட்டிருக்கிறது என்றால் அதோடு முடிந்தது பேச்சு. வரப்புச் சண்டையில் பத்திரத்தையே நம்பாத ஆட்கள், செபஸ்தியார் உடம்பில் எங்கெங்கே அம்பு தைத்தது என்று அந்தப் புத்தகம் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். ஊர்ப் பெண்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

எனக்குப் பதின்மூன்று வயதில் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் எழுத்து தெரியவில்லை. அவருக்குப் பதிலாக நான் வாசிக்க ஆரம்பித்தேன். பொட்டப்பிள்ளை கோயிலில் நின்று வாசிப்பதா என்று இரண்டு பெரியவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். பீடத்துக் கிராதிக்கு வெளியே நின்று வாசித்தால் குற்றமில்லை என்று சாமியார் தீர்ப்புச் சொன்னதும் அடங்கினார்கள்.

கதையில் கை வைக்கும் பழக்கம் ஒரு நாயிடமிருந்து தொடங்கியது. ஆரோக்கியநாதர் கொள்ளைநோய் கண்டு காட்டில் தனியாகக் கிடக்கிறார். ஒரு நாய் தினமும் தன் எசமான் வீட்டிலிருந்து ரொட்டியைக் கவ்விக்கொண்டுபோய் அவருக்குக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தவர்கள்தான் ரொட்டி தின்பார்கள். “ஏன் புள்ள, சாகக் கெடக்குற மனுசனுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணுங் கெடைக்கலையா?” என்று ஒரு பெண் கேட்டாள். கோயிலே சிரித்தது. அடுத்த வருஷம் நான் ரொட்டியை அடை என்று மாற்றி வாசித்தேன். எல்லார் முகத்திலும் திருப்தி. நாய் என்ன நிறம் என்று ஒரு பிள்ளை கேட்டது, செவலை என்றேன். அந்த வருஷத் திருவிழாவுக்குச் சுரூபங்களுக்கு வர்ணம் பூச வந்த ஆள், அதுவரை ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் கறுப்பாக இருந்த நாய்க்கு ஊர்க்காரர்கள் சொன்னபடி செவலை நிறம் அடித்துவிட்டுப் போனான். யாருக்கு வரும் அந்த யோகம்! நான் சொன்ன பொய் பீடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு ருசி கண்டுவிட்டேன். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகளை எதிர்த்துப் பேச வைப்பேன், ராஜாக்களைத் திட்ட வைப்பேன். லவுரேஞ்சியார் சரித்திரத்தில் மட்டும் எனக்கு வேலை இல்லை. இரும்புக் கட்டிலில் போட்டு வாட்டும்போது, “இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடு” என்று அவரே சொல்கிறார். அவர் என்னைவிட வாயாடி.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லை. அடுத்த வீட்டுக்காரி, என்னைவிடப் பத்துப் பதினோரு வயது மூத்தவள். கலியாணமாகி மூன்றாம் மாதம் அவள் புருஷன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனான். நாலு கடிதம் வந்தது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்த பிறகு அதுவும் இல்லை. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, கடல் தாண்டிப் போனவர்களில் திரும்ப வேண்டியவர்கள் திரும்பினார்கள். அவன் வரவில்லை. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டும் ஒரு பேச்சு வந்தது. மாமனார் மாமியார் போய்விட்டார்கள். அவள் ஒற்றை ஆளாகப் புல் அறுத்து, நடவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. குளிப்பாட்ட, சோறு ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க அக்காதான் வருவாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். ஆத்தா குழறிக் குழறிப் பேசுவது எனக்கும் அப்பாவுக்கும் பாதி புரியாது. அவளுக்கு முழுக்கப் புரியும். எனக்கோ திருச்சியில் ட்ரெயினிங் ஸ்கூலுக்குப் போய் டீச்சராக வேண்டும் என்று வெறி. இரண்டு வருஷப் படிப்பு, ஹாஸ்டலில் இருக்க வேண்டும். சாமியார் சிபாரிசில் இடமும் கிடைத்துவிட்டது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“அந்தப் புள்ள வந்து ஒங்க ஆத்தாவப் பாத்துக்கிற வரைக்கும் நீ படி. அது வரலைன்னா நீ வீட்டுக்கு வந்துறணும். எனக்குக் கண்ணு தெரியாது, நான் என்ன செய்வேன்?”

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. திருமயத்தில் கோட்டைக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிள்ளை பெறும்போது பெண்டாட்டியும் பிள்ளையும் போய்விட்டார்கள். எங்கள் ஊருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், அக்காவைக் கோயிலில் பார்த்துவிட்டு நேரே சாமியாரிடம் போய்ப் பேசினார். புருஷன் செத்தது நிச்சயமாகத் தெரியாமல் கோயிலில் இரண்டாம் கலியாணம் நடக்காது. சாமியார் பினாங்குக்கு எழுதிக் கேட்டார். ரயில் பாதைக்குப் போனவர்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை, அவனும் செத்திருக்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. அதை வைத்து மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், உத்தரவும் வாங்கிவிட்டார். இனி அக்கா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கலியாண ஓலை வாசித்துக் கலியாணத்தை முடித்துவிடலாம்.

சைக்கிள் கடைக்காரர் இன்னொரு தரம் ஊருக்கு வந்தார். நல்ல உயரம், விரலெல்லாம் கிரீஸ் கறை. எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவின் பழைய சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுத்தார். அக்கா ஒரு வாரம் தவணை கேட்டிருந்தாள். கழுத்தில் பழைய தாலி இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டுப் போவது சின்னக் காரியமா? ஆனால் மனசு எங்கே போகிறது என்பது தெரிந்துபோயிற்று. ஆத்தாவுக்குத் தலை சீவிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“ஏ புள்ள, திருமயத்துக்குப் பஸ்ஸுல எம்புட்டு நேரம் ஆகும்? கோட்டைக்குக் கிட்டக்கயே நிப்பாட்டுவாகளா?”

“எனக்கென்ன தெரியும்” என்று வெடுக்கென்று சொன்னேன். இவள் போய்விட்டால் நான் இந்த ஊரில் ஆத்தாவின் துணி அலசிக்கொண்டே கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு என் படிப்பைத் தவிர உலகத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை.

ஆடி பிறந்திருந்தது. அவள் கேட்ட தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. காலையில் புத்தகத்தில் அன்றைய ஏட்டைப் புரட்டினேன், அலேசியார் திருநாள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்லவேளையோ கெட்டவேளையோ, பக்கத்து ஊரில் சாகக் கிடந்த ஒருவருக்கு அவஸ்தைப் பூச வேண்டும் என்று அப்பா ஒரு பையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மத்தியானமே சாமியாரைக் கூட்டிவரப் போய்விட்டார். அன்றைக்குச் செபமாலையும் என் பொறுப்பு, வாசிப்பும் என் பொறுப்பு.

அலேசியார் ரோமாபுரியில் பெரிய சீமானுக்கு ஒரே மகன். கலியாணம் நடந்த அன்றைக்கே மோதிரத்தைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறார். தூரதேசத்தில் ஒரு மாதா கோயில் வாசலில் பதினேழு வருஷம் பிச்சையெடுத்துத் தவம் செய்கிறார். பிறகு திரும்பி வந்து, சொந்த அப்பன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்னும் பதினேழு வருஷம் பிச்சைக்காரனாகக் கிடக்கிறார். பெற்றவர்களுக்கும் அடையாளம் தெரியவில்லை, பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. வேலைக்காரர்கள் ஏனம் கழுவிய தண்ணீரை அவர் தலையில் ஊற்றுகிறார்கள். செத்த பிறகு, அவர் கையில் இறுக்கிப் பிடித்திருந்த கடிதத்தைப் போப்பாண்டவரே வந்து வாங்கிப் பிரித்தபோதுதான் இன்னார் என்று தெரிகிறது. அந்தச் சரித்திரத்தில் பெண்டாட்டிக்கு மொத்தம் இரண்டு இடம். கலியாணத்தில் ஒன்று, பிணத்தின் மேல் விழுந்து அழ ஒன்று.

நான் கடிதத்தில் கை வைத்தேன். போப்பாண்டவர் அதைப் பிரித்து உரக்க வாசித்தார் என்பது வரைக்கும் புத்தகம். அதற்குப் பிறகு நான். “என் பத்தினியே, இந்த முப்பத்துநாலு வருஷமும் நான் உயிரோடிருந்தது உன்னால்தான். நான் கட்டிய தாலி உன் கழுத்தில் கிடந்த வரைக்கும் கடலும் காய்ச்சலும் என்னைத் தொடவில்லை. என்றைக்காவது நீ அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வீடு போயிருந்தால், அன்றைக்கே நான் வழியில் விழுந்து செத்திருப்பேன்.” புத்தகத்து நடையிலேயே, தடுக்காமல், ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தேன். மோதிரம் கொடுத்துவிட்டுப் போனவருக்கு ஏது தாலி, ரோமாபுரியில் ஏது தாலி? ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு கிழவி மட்டும், “போன வருசம் இந்தக் கடுதாசி வரலையே தாயி?” என்றாள்.

“அப்பா நேரமாயிரும்னு பாதிய விட்டுருவாரு” என்றேன். அப்பாவையும் இழுத்துவிட்டேன் பாருங்கள்.

பெண்கள் பக்கத்தில் தூணை ஒட்டி அக்கா உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முகம் தெரியவில்லை. எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். நான் விளக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இது வரைக்கும் நடந்ததைக்கூட மன்னித்துவிடலாம் என்று சில நாள் நினைத்ததுண்டு. மறுநாள் காலையில் நடந்ததை எப்படி மன்னிப்பது? அக்கா கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள். ஆத்தாவிடம்கூடப் போகவில்லை, நேரே என்னிடம் வந்தாள்.

“அந்தக் கடுதாசிய இன்னொரு தடவ வாசி புள்ள.”

புத்தகத்தை எடுத்து வந்து விரித்தேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்தின நாள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

“நெசமாவே அப்படித்தான் போட்டிருக்கா? கழட்டுனா அன்னைக்கே செத்துருவாகளாமா?”

“ஆமாக்கா. இந்தா பாரு” என்று வரியின் கீழே விரலை ஓட்டிக் காட்டினேன். என் விரலுக்கு மேலே இருந்த வரியில் அலேசியாருடைய அப்பாவின் தோட்டத்தைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது. அவள் அந்த வரியைத் தன் விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். இந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நடப்பேன்.

“நல்லவேள புள்ள. கழுத்துல கைய வச்சிருந்தேன். எங்கிட்டாச்சும் கஞ்சி குடிச்சிக்கிட்டு உசுரோட இருக்கவுகளக் கொன்ன பாவம் எனக்கு வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆத்தாவைக் குளிப்பாட்டப் போனாள்.

இஷ்டமில்லை என்று சைக்கிள் கடைக்காரருக்குப் பதில் போயிற்று. சாமியார் இரண்டு தரம் கூப்பிட்டுப் பேசினார். ஏன் வேண்டாம் என்கிறாய் என்றால் அக்கா வாயே திறக்கவில்லை. பிடிவாதக்காரி என்று அவர் விட்டுவிட்டார். அடுத்த தை மாதம் சைக்கிள் கடைக்காரர் வேறு இடத்தில் கலியாணம் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டோம். நான் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். பஸ் ஏற்றிவிட அக்கா வந்தாள். வழியில் தின்னக் கடலை உருண்டை கொடுத்தாள். “நல்லாப் படி, ஆத்தாவப் பத்திக் கவலப்படாத” என்றாள்.

திருச்சியில் ஹாஸ்டல் பிள்ளைகளை வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புவார்கள். முன்பின் தெரியாத ஒரு சாமியார். சரித்திரம் வாசிக்கும்போது சொந்தமாக ஒரு வரி வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டேன் என்றேன். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அவர் மெல்லச் சிரித்ததுகூடக் கேட்டது. மூன்று செபமாலை அபராதம் போட்டு அனுப்பினார். வாயில் வந்துவிட்டதாம்! காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. எதற்காகச் சொன்னேன் என்பதையும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொன்னவளுக்குக் கிடைத்த மன்னிப்பு செல்லுமா? மூன்று செபமாலையையும் சொன்னேன், பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம் தெரிந்தது. ஊருக்குள் வருகிற பிச்சைக்காரர் யாரானாலும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவாள். போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாள். எந்த ஊரு, கப்பல்ல போயிருக்கீகளா, பினாங்கு தெரியுமா என்று கேட்பாள். ஒரு தாடிக்காரன் தெரியும் என்று சொல்லிவிட்டான். பதினோரு நாள் அவள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் படுத்துக்கொண்டு நன்றாகத் தின்றான். நம்ம ஆளு இல்லதான், ஆனா அவுகளப் பாத்திருக்கலாமுல்ல என்றாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவனும் இல்லை, அவளுடைய பித்தளைச் செம்பும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? அவள் தண்ணீருக்குப் போனால், “என்ன, அலேசியாரு திரும்பிட்டாராக்கும்?” என்பார்கள். பெரியவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஒரு தரம் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம்.

படிப்பு முடிந்து டீச்சராகித் திருவரங்குளம் பக்கம் வேலைக்குப் போனேன். கலியாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. ஆத்தா போய்ச் சேருகிற வரைக்கும் அக்காதான் பார்த்தாள். கடைசி மூச்சில் ஆத்தா பிடித்திருந்தது அவள் கையை, என் கையை இல்லை. ஒரு தரம் பஸ்ஸில் காரைக்குடிக்குப் போகும்போது திருமயத்தில் அந்தச் சைக்கிள் கடையைப் பார்த்தேன். கொஞ்சம் நரைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளையைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மணியடித்துக் காட்டிக்கொண்டிருந்தார், அது சிரித்தது. பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. கோட்டைக்குப் பக்கத்திலேயேதான் நிறுத்துகிறார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தேன்.

எத்தனையோ தரம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். அவள் வாசலில் என்னைப் பார்த்ததும், “டீச்சரம்மா வந்துட்டாக” என்று வாயெல்லாம் பல்லாக வருவாள். அவ்வளவுதான், வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். அவன் என்றைக்காவது வந்துவிட்டால் என் பொய்யே நிஜமாகிவிடுமே என்று ஒரு கேடுகெட்ட நப்பாசை வேறு. அவன் வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதைவிட நான் அதிகம் வேண்டியிருப்பேன். அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றினேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அவர்தானே.

அறுபதுகளின் நடுவில், பூசையைத் தமிழில் வைக்க ஆரம்பித்த சமயம், மலேயாவிலிருந்து கீரனூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஊர் திரும்பினார். சயாம் ரயில் பாதையில் வேலை செய்து தப்பியவர். விசாரித்துக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தார். அன்றைக்கு நான் ஊரில் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். அக்கா அவருக்கு மோர் கொடுத்துவிட்டு நின்றபடியே கேட்டாளாம்.

“கண்ணால பாத்தீகளா?”

“மொத மழைக்கே வாந்திபேதி கண்டுருச்சு தங்கச்சி. ரெண்டு நாளு. பொணத்த ஒரு பக்கம் நான்தான் தூக்குனேன்” என்றாராம் அவர். யுத்தம் முடிவதற்கு ரொம்ப முன்பே. அதாவது, நான் விரலை ஓட்டிக் காட்டிய அன்றைக்கு அவன் மண்ணுக்குள் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் தாலியைக் கழற்றியிருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்.

செத்தவனுக்குப் பூசை வைத்த மறுநாள் போனேன். அக்கா கொல்லைப்புறம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

“அலேசியாரு பொண்டாட்டிக்காச்சும் விழுந்து அழ ஒரு பொணம் கெடச்சுச்சு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “அக்கா, அந்தக் கடுதாசியில அப்படி இல்ல. நானாச் சேத்தது” என்றேன்.

“எது?”

“தாலியக் கழட்டுனா செத்துருப்பேன்னு வாசிச்சேனே, அது. புஸ்தகத்துல இல்லவே இல்ல.”

கீரையைக் கீழே வைத்தாள். “அப்பறம் அந்தக் கடுதாசியில என்னதான் எழுதியிருந்தாரு?”

“அவரு பேரு. இன்னாரு மகன், எங்கெங்க போனாரு, எப்படி இருந்தாருன்னு.”

“பொண்டாட்டியப் பத்தி?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒரு வரி கூடவா?”

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. நாக்கூசாமல் அத்தனை காலமும் அவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேனே.

“எதுக்குச் சேத்த புள்ள?”

“எனக்கு ட்ரெயினிங் போகணும். நீ திருமயம் போயிட்டா ஆத்தாவப் பாக்க ஆளு இல்ல. அப்பா என்னையத் திரும்பக் கூப்பிட்டுருவாரு. அதான்.”

“அது எத்தன வருசப் படிப்பு?”

“ரெண்டு.”

கோழி ஒன்று வந்து கீரையைக் கிளறியது, அவள் அதை விரட்டவில்லை. பிறகு பேசினபோது குரலில் கோபமே இல்லை. நான் அங்கே இல்லாததுபோல், தனக்குத்தானே கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் பேசினாள்.

“செயின் மாட்ட வந்தாகள்ல, அன்னைக்குக் கெணத்தடியில என்கிட்டத் தனியாச் சொன்னாக. ஒண்ணும் அவசரமில்ல, ரெண்டு வருசம் மூணு வருசம் ஆனாலும் நான் இருக்கேன், ஒங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்பச் சொல்லுங்கன்னு.” என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “நீ கேட்டிருந்தா ஒங்க ஆத்தாவுக்காக ரெண்டு வருசம் இருந்துட்டுப் போயிருப்பேனே. ஒரு வார்த்த கேக்கலையே புள்ள.”